சித்தப்பாவின் பேய்க்கு நான் போட்ட முக்காடு

மார்ச் 4, செவ்வாய்

காலை டீ ஆறுவதற்குள் ஒன்பது பேர் செத்தார்கள். அதில் நாலு பேரின் சாவை நான் வெட்டிவிட்டேன். மற்ற ஐந்து பேர் அவ்வளவு அசிங்கமாகச் சாகவில்லை, குடும்பத்தோடு பார்க்கலாம்.

என் உத்தியோகத்தை யாருக்காவது விளக்க ஆரம்பித்தால் எனக்கே சிரிப்பு வந்துவிடுகிறது. இணையம் வழியாக வீட்டுக்கு வீடு படம் காட்டுகிற நிறுவனம். படம் வெளியே போவதற்கு முன்னால் நான் உட்கார்ந்து பார்த்து, ரத்தம் அதிகமென்றால் மங்கலாக்கி, கெட்ட வார்த்தையென்றால் ஊமையாக்கி, எந்த வயதுக்காரர் பார்க்கலாம் என்று முத்திரை குத்தி அனுப்ப வேண்டும். ஊரெல்லாம் விளக்கை அணைத்துவிட்டுப் பயந்துகொண்டே பார்க்கிற பேயை, நான் காலைவேளையில் ஏசி குளிரில் பிஸ்கட்டை டீயில் நனைத்தபடி பார்க்கிறேன். ஒன்பது வருடமாகிறது. இதுவரை ஒரு பேயும் என்னைப் பயமுறுத்தியதில்லை. இது பெருமையா, வியாதியா? தெரியவில்லை.

எங்கள் மேலாளருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் விரலிடுக்கு. திரையில் ரத்தம் வந்தால் முகத்தைப் பொத்திக்கொண்டு விரலிடுக்கு வழியாகத்தான் பார்ப்பார். ரத்தத்தைக் கண்ணால் பார்க்க முடியாத மனிதரிடம் ரத்தத்தை அளக்கிற வேலையைக் கொடுத்திருக்கிறார்கள். பக்கத்து நாற்காலியில் பீப் அக்கா. வசவு வருகிற இடத்தில் 'பீப்' சத்தம் வைப்பது அவர் வேலை. பழக்கதோஷம் முற்றிப்போய், பேருந்தில் காலை மிதித்தவனைக்கூட, "கண்ணு தெரியலையாடா பீப்பு?" என்றுதான் திட்டுகிறார்.

மார்ச் 6, வியாழன்

போன மாதம் நான் வெட்டிய சண்டைப் படத்தை வீட்டில் என் கணவரோடு உட்கார்ந்து பார்த்தேன். விதிப்படி முகத்தில் நேராக விழுகிற குத்து கூடாது. எனவே குத்துகளை மட்டும் எடுத்திருந்தேன். இப்போது கதாநாயகன் கையை ஓங்குகிறான். அடுத்த நொடி எட்டுத் தடியன்கள் தரையில் கிடக்கிறார்கள். மறுபடி ஓங்குகிறான், இன்னும் எட்டு பேர்.

"அவன் குளிச்சு எத்தனை நாளாச்சு? பக்கத்துல போனாலே பொத்து பொத்துன்னு விழுறானுங்களே!" என்றார் இவர்.

நான் டிவி சத்தத்தைக் கூட்டினேன்.

பேய்ப் படம் என்றால் இவர் இன்னும் மோசம். என் கணவர் எலக்ட்ரீஷியன். பாழடைந்த பங்களாவில் விளக்கு மினுக் மினுக்கென்று அணைந்து எரியும், கதாநாயகி நடுநடுங்குவாள், இவர் உச்சுக்கொட்டிவிட்டு, "நியூட்ரல் லூசா இருக்கு. ஒரு ஆளக் கூப்பிட்டுக் காட்டினா என்ன?" என்பார். அதோடு அந்தப் படம் படுத்துவிடும்.

யாரும் கேட்காவிட்டாலும் என் அபிப்பிராயங்களையும் எழுதிவைக்கிறேன். பேய்ப் படத்தில் வீடு வாங்குகிற ஒருவரும் அக்கம்பக்கத்தில் விசாரிப்பதே இல்லை. நாம் ஒரு மிக்சி வாங்க நாலு பேரைக் கேட்கிறோம். சண்டைப் படத்துக் கதாநாயகனுக்குப் பசியே எடுப்பதில்லை. மூன்று நாள் ஓடுகிறான், ஒரு வாழைப்பழம்கூடச் சாப்பிடுவதில்லை; அதனால்தான் அவ்வளவு கோபம் போல. இதில் நான் ரத்தத்தை மங்கலாக்கி என்ன புண்ணியம்? பார்க்கிறவன் எப்படியும் அதைச் சிவப்பாகத்தான் நினைத்துக்கொள்ளப்போகிறான்.

மார்ச் 11, செவ்வாய்

ஐயையோ.

யாரும் சீண்டாத பழைய படங்களை ஒரு கட்டாக வாங்கியிருக்கிறார்கள். என் பங்குக்கு வந்ததில் மூன்றாவது, சித்தப்பாவின் படம்.

சித்தப்பா தன் வாழ்நாளில் எடுத்த ஒரே படம். பேய்ப் படம். பெயரைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. மூன்று ஆச்சரியக்குறியோடு முடியும். இருபது வருடங்களுக்கு முன்னால் தியேட்டரில் வந்தது. பேய் முகத்தைத் திருப்பியதும் அரங்கமே விழுந்து விழுந்து சிரித்ததாம். முதல் சிரிப்பு பெரியப்பாவுடையது. அன்று ஆரம்பித்தவர் இன்னும் நிறுத்தவில்லை. குடும்பத்தில் எந்த விசேஷமென்றாலும், சித்தப்பா வாயைத் திறந்தால் போதும், பெரியப்பா சாப்பாட்டுப் பந்தியில் நாலு பேருக்குக் கேட்கிறமாதிரி, "பேசாம இருடா, இல்லன்னா உன் பேயக் கூப்பிட்டுருவேன்" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். சித்தப்பாவும் சேர்ந்து சிரிப்பார். அதைத்தான் என்னால் பார்க்க முடியாது.

இப்போது அவர் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். வண்டியைக் கிளப்பச் சொல்ல 'ஆக்‌ஷன்' என்பார். பிரேக் போடச் சொல்ல 'கட்' என்பார். மாணவர்கள் எல்லோரும் தேறிவிடுகிறார்கள்.

பேயாக நடித்தது சித்தி. நடிக்க வந்த பெண் முதல் நாளே சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டாளாம். சித்தி ஆஸ்பத்திரியில் நர்ஸ். பார்வையாளர் நேரம் முடிந்ததும் வார்டு வாசலில் வந்து நிற்பார். ஒன்றும் சொல்ல மாட்டார். சும்மா பார்ப்பார். கூட்டம் கலைந்துவிடும்.

பீப் அக்காவிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன். "அட பீப்பே!" என்றார்.

மார்ச் 12, புதன்

பார்த்தேன்.

உள்ளதைச் சொல்ல வேண்டுமென்றால் படம் மோசமில்லை. வீடு நன்றாக இருக்கிறது, இருட்டு நன்றாக இருக்கிறது, சித்தி நடக்கிற நடை நன்றாகவே இருக்கிறது. காலே தரையில் படாததுபோல் வருகிறார். எல்லாம் அந்த முகம் திரும்புகிறவரைக்கும்தான். வழவழவென்று சிவப்பு ரப்பர். இரண்டு ஓட்டை. நெற்றியில் புடைத்த எழுத்துகள். அது ஏதோ பழைய மந்திர எழுத்து என்று சித்தப்பா எல்லோரிடமும் சொல்லுவார். பேய்க்கு மூக்கே இல்லை. சித்தி திரும்பி உறுமுகிறார், ரப்பர் கன்னம் மட்டும் தனியாக ஆடுகிறது.

எனக்கும் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தேன், டீ மூக்கில் ஏறிவிட்டது.

இது வெளியே போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். முன்பு ஒரு தியேட்டர் சிரித்தது. இப்போது அந்த முகத்தை மட்டும் வெட்டி எடுத்துச் செல்போனுக்குச் செல்போன் அனுப்பிச் சிரிப்பார்கள். பெரியப்பா தன் போனிலேயே முகப்புப் படமாக வைத்துக்கொள்வார்.

மார்ச் 14, வெள்ளி

இரண்டு நாள் யோசித்தேன். விதிப் புத்தகத்திலேயே வழி இருந்தது. 'சிதைந்த முகங்களை மங்கலாக்குக.' சித்தியின் ரப்பர் முகத்தைச் சிதைந்த முகம் இல்லையென்று யாராவது சொல்ல முடியுமா? மூக்கே இல்லையே!

பேய் வருகிற இடமெல்லாம் முகத்தின்மேல் ஒரு மங்கலைப் போட்டேன். ஆவி படிந்த கண்ணாடிக்குப் பின்னால் நிற்பதுபோல. ரப்பர் போயே போச்சு. கன்னம் ஆடுவதும் தெரியவில்லை. முகம் இருக்க வேண்டிய இடத்தில் சிவப்பாக ஏதோ ஒன்று, அதில் இரண்டு கறுப்புக் குழி, அவ்வளவுதான். சித்தப்பாவின் மானத்துக்கு ஒரு முக்காடு போட்டுவிட்ட திருப்தி எனக்கு.

விரலிடுக்கு சார் வந்து சரிபார்த்தார், வழக்கம்போல விரல் வழியாக. "முகம் மறைச்சாச்சா? அப்புறம் என்ன, குடும்பத்தோட பாக்கலாம்னு முத்திரை போட்டுடும்மா" என்றார். பீப் அக்காவுக்கும் வேலையில்லை, படத்தில் ஒரு வசவுகூடக் கிடையாது. சித்தப்பா மரியாதை தெரிந்த மனிதர். அவருடைய பேய்கூட மனிதர்களை 'நீங்க' என்றுதான் கூப்பிடும்.

மார்ச் 24, திங்கள்

படம் இன்று வெளியானது. ஒரு ஈ காக்கைகூடக் கண்டுகொள்ளவில்லை. அப்பாடா.

ஏப்ரல் 2, புதன்

காலையில் சித்தப்பா போன் செய்தார். குரலே வேறு மாதிரி இருந்தது. கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வருகிற ஒரு பெண் சொன்னாளாம்: "சார், உங்க பேரப் படத்துல பாத்தேன். அது நீங்கதானா? நேத்து ஃபுல்லா தூக்கமே இல்ல சார்."

"கிண்டல் பண்றாளோன்னு பாத்தேன்மா. இல்ல. கண்ணெல்லாம் செவந்து போயிருந்துது. கிளட்ச் மிதிக்கிற காலு நடுங்குது! அந்தப் பொண்ண நான் எதுக்கும் பயந்து பாத்ததில்ல, லாரிக்கு முன்னாடியே போய் விடுவா."

நான் சிரித்து மழுப்பினேன். என்ன நடக்கிறது?

ஏப்ரல் 7, திங்கள்

என்ன நடக்கிறதென்று தெரிந்துவிட்டது. படம் தீயாய்ப் பரவிக்கொண்டிருக்கிறது. 'முகமில்லாத பேய்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். ஆளாளுக்கு அந்த மங்கலுக்குள் ஏதோ ஒரு முகத்தைப் பார்க்கிறார்கள். ஒருத்தருக்குச் செத்துப்போன மாமியார் தெரிந்தாராம். இன்னொருத்தருக்குப் பழைய கணக்கு வாத்தியார்.

நான் ஏன் இதைக் கவனிக்கவில்லை? ஏனென்றால் நான் எதையும் பார்த்துப் பயப்படுவதில்லை. விரலிடுக்கு சார் எதையும் முழுசாகப் பார்ப்பதில்லை. பீப் அக்கா காதால் மட்டும் படம் பார்க்கிறவர். ஊருக்கு எது பயம் என்று முடிவு செய்கிற அறையில், பயத்தைப் பயமாகப் பார்க்க ஒரு ஆள் இல்லை. விளங்கிடும்.

ரப்பரை மறைக்கப் போய், பேயைப் பெற்று வைத்திருக்கிறேன்.

ஏப்ரல் 9, புதன்

புகார்கள் வந்து குவிகின்றன. 'குடும்பத்தோடு பார்க்கலாம்' என்று நாம்தானே முத்திரை குத்தினோம்! குடும்பத்தோடு பார்த்திருக்கிறார்கள். ஒரு வீட்டில் பிள்ளைகள் இரண்டும் கண்ணாடியில் முகம் பார்க்க மாட்டோம் என்று தலைவாராமலே பள்ளிக்கூடம் போகின்றனவாம். ஒருவர் எழுதியிருக்கிறார்: 'நான் ஆறடி உயரம். மூன்று நாளாக என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு குளியலறைக்குப் போகிறேன். அவர் வெளியே நின்று பாட்டுப் பாட வேண்டியிருக்கிறது. அவருக்குப் பாட வராது.'

படித்துவிட்டு நானும் அக்காவும் மேசைக்கடியில் குனிந்து சிரித்தோம். விரலிடுக்கு சார் சிரிக்கவில்லை. மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டிருக்கிறார்கள்.

ஏப்ரல் 13, ஞாயிறு

சித்தப்பா மத்தியானம் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம், முகத்தில் ஒரு தயக்கம். படம் வெளியான நாளுக்குப் பிறகு அவர் அதைப் பார்க்கவேயில்லையாம். இருபது வருடம்! "உன் வீட்டு டிவியில ஒருதடவ பாத்துடறேன்மா. தனியா பாக்க தைரியம் இல்ல" என்றார்.

அவருடைய பேயின் முகத்தைக் கேட்காமல் மறைத்தவள் நான்தான் என்று இன்னும் சொல்லவில்லை.

போட்டேன். இவரும் வந்து உட்கார்ந்தார். பேய் திரும்பியது. சித்தப்பா சோபாவின் நுனிக்கு வந்துவிட்டார். திட்டப்போகிறார், என் மூஞ்சியில் முழிக்கவே மாட்டார் என்று நினைத்துக்கொண்டு நான் வாழைப்பழத் தோலைப் பிய்த்துக்கொண்டிருந்தேன்.

படம் முடிந்தது.

"நீதான் செஞ்சியா?"

"ஆமா சித்தப்பா. எல்லாரும் சிரிப்பாங்களேன்னு..."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"எம்மனசுல இருந்த பேய் இதான்மா. இதான் வேணும்னு கேமராமேன்கிட்டத் தலபாடா அடிச்சிக்கிட்டேன். எனக்கு எடுக்கத் தெரியல. நீ எடுத்துட்ட."

என் கணவர் இன்று விளக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை என்பது அப்புறம்தான் உறைத்தது. தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போகும்போது என்னையும் கூப்பிட்டார்.

வாசலில் செருப்பை மாட்டும்போதுதான் சித்தப்பா பெரிய சேதியைச் சொன்னார். எங்கள் நிறுவனத்திலேயே, மேல்மாடியில் சொந்தமாகப் படம் எடுக்கிற பிரிவு இருக்கிறது. அவர்கள் கூப்பிட்டிருக்கிறார்களாம். வரும் வியாழக்கிழமை. எல்லோரும் உட்கார்ந்து இந்தப் படத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, அடுத்து என்ன எடுக்கலாம் என்று பேசப்போகிறார்களாம்.

"சட்டை புதுசு எடுக்கணுமாம்மா, இல்ல இருக்கறதே போதுமா?"

ஏப்ரல் 15, செவ்வாய்

விரலிடுக்கு சார் கூப்பிட்டார். மனிதர் ஒரு தீர்வு கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தில் இருந்தார்.

"மங்கல எடுத்துடும்மா. அடியில என்ன இருக்குன்னு நேத்து பாத்தேன். முழுசாப் பாத்தேன், விரல்கூட வெக்கல! அந்த ரப்பர் மூஞ்சியப் பாத்தா கொழந்தைங்க கைதட்டிச் சிரிக்கும். புகார் எல்லாம் ஒரே நாள்ல நின்னுடும்."

"சார், அதுக்குப் பதிலா முத்திரைய மாத்திடலாமே? பெரியவங்க மட்டும்னு."

"முத்திரைய மாத்தினா நாம தப்பா முத்திரை போட்டோம்னு ஆயிடும். மங்கல எடுத்தா, இன்னும் நல்லாப் பண்ணிட்டோம்னு ஆகும். நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள முடிச்சிடு."

நாளைக்குச் சாயங்காலம். வியாழக்கிழமை காலை சித்தப்பா புதுச் சட்டையோடு மேல்மாடியில் உட்கார்ந்திருப்பார். பேய் திரும்பும். ரப்பர். கன்னம் ஆடும். எல்லோரும் சிரிப்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார்!

முடியாது. என்னால முடியாது. ஒன்பது வருஷமா ஊர்ல உள்ள பேயையெல்லாம் மறைச்சேன், ஒருத்தரும் ஏன்னு கேக்கல. இந்த ஒரு பேய மறைச்சதுக்கு மட்டும் தொறந்து காட்டுன்னு நிக்கறாரு மனுஷன்.

ஏப்ரல் 16, புதன்

இன்று நடந்ததை விட்டுவிடாமல் எழுத வேண்டும்.

காலையில் வேலையே ஓடவில்லை. சித்தியைக் கூப்பிட்டேன். வார்டில் இருந்தார். மங்கலை எடுக்கச் சொல்லிவிட்டார்கள், நாளைக்கு மேல்மாடிக்காரர்கள் அந்த முகத்தைத்தான் பார்க்கப்போகிறார்கள், சித்தப்பாவிடம் நீங்களே எப்படியாவது சொல்லிவிடுங்கள் என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

"நெத்தியில அந்த மந்திரம் வேற தெளிவாத் தெரியும் சித்தி. பெரியப்பா அத வெச்சே பத்து வருஷம் ஓட்டுவாரு."

அந்தப் பக்கம் சித்தி சிரித்தார்.

"மந்திரமாவது மண்ணாவது. அது வெந்நீர்ப் பைடி. வயித்துவலிக்கு ஒத்தடம் குடுப்போம்ல, அந்த ரப்பர்ப் பை. பீரோவுல சும்மா கெடந்துது. ஆளு ஓடிப்போச்சு, மொகமூடிக்குச் சொன்னவனும் வரல, உங்க சித்தப்பா மூலையில உக்காந்து அழுவாத கொறை. நான்தான் பைய எடுத்து ரெண்டு ஓட்ட வெட்டி மாட்டிக்கிட்டேன். தலகீழா மாட்டிட்டேன் போல. நெத்தியில இருக்கறது கம்பெனி பேரு."

"கம்பெனி பேரா?"

"ஆமா. வார்டுல பெல் அடிக்கறாங்க, வெச்சிடறேன்."

நான் போனைக் கையில் வைத்துக்கொண்டே படத்தைத் திறந்தேன். மங்கல் போடாத பிரதி. நெற்றியைப் பெரிதாக்கினேன். தலைகீழாகத் திருப்பினேன். இருபது வருடமாகப் பழைய மந்திரம் என்று சொல்லப்பட்டது, ஒரு ரப்பர் கம்பெனியின் பெயர். அதற்குக் கீழே இன்னும் ஒரு வரி: 'கொதிக்கும் நீர் ஊற்றக் கூடாது.'

நாற்காலியிலிருந்து விழாத குறை. அக்காவை இழுத்துக் காட்டினேன். அவருக்குப் பீப் சொல்லக்கூட மூச்சு வரவில்லை.

சிரித்து முடித்த பிறகுதான் மூளை வேலை செய்தது. விதிப் புத்தகத்தில், ரத்தத்துக்கும் வசவுக்கும் அப்பால், ஒருவரும் எட்டிப்பார்க்காத கடைசிப் பகுதி ஒன்று உண்டு. அனுமதி வாங்காத எந்தக் கம்பெனிப் பெயரும் திரையில் தெரியக் கூடாது. சோடா பாட்டில், சிமெண்ட் மூட்டை, சட்டைப் பை, எதிலிருந்தாலும் மங்கலாக்க வேண்டும். இது சட்டப் பிரிவின் விதி. இதில் விரலிடுக்கு சாருக்கு வாயே கிடையாது.

வக்கீலம்மா எங்கள் நிறுவனத்திலேயே சிரிக்காத ஒரே ஆள். மங்கலை எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்று சொல்லி, பெரிதாக்கிய நெற்றியைக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார்.

"இந்தக் கம்பெனி இன்னும் இருக்கா?"

"இருக்கு மேடம். தேடிப் பாத்துட்டேன்."

"அவங்க பொருள பேயா காட்டியிருக்கீங்க. பாத்தா விடுவாங்களா? மங்கல யாரு எடுக்கச் சொன்னது?"

"எங்க சார்."

"எடுக்கவே கூடாது. இன்னைக்கே எழுதி அனுப்பறேன்." பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். "படத்து டைரக்டர் பேரும் உங்க வீட்டுப் பேரும் ஒண்ணா இருக்கே. சொந்தமா?"

பொய் சொல்ல வரவில்லை. "சித்தப்பா" என்றேன்.

"வெந்நீர்ப் பை உங்க சொந்தம் இல்லையே? அப்ப சரி. ஆனா இனிமே அவரு படத்த நீங்க தொடக் கூடாது, அதையும் எழுதிடறேன்."

வாயோரத்தில் ஏதோ அசைந்தது. சிரிப்பாகத்தான் இருக்க வேண்டும்; ஆனால் சத்தியம் செய்ய மாட்டேன்.

சாயங்காலம் விரலிடுக்கு சார் வக்கீலம்மாவின் ஓலையை இரண்டு முறை படித்தார். மங்கலை எடுக்க முடியாது. எடுக்காவிட்டால் குழந்தைகள் பயப்படும். கடைசியில் பெருமூச்சு விட்டு, "முத்திரையவே மாத்தித் தொலை" என்றார்.

மாற்றினேன். பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும்.

ஏப்ரல் 17, வியாழன்

சித்தப்பா மேல்மாடியிலிருந்து நேராக எங்கள் அறைக்கே வந்துவிட்டார். புதுச் சட்டை, மடிப்புக்கூடக் கலையவில்லை. பார்த்தவர்கள் யாரும் சிரிக்கவில்லையாம். ஒருத்தர் நடுவில் எழுந்து போய் வெளியில் நின்றுகொண்டாராம்.

"ஒரு மணி நேரப் படம் ஒண்ணு கேக்கறாங்கம்மா. பேய்தான். அது கெடக்கட்டும், இதப் பாத்தியா?" என்று போனை நீட்டினார். அவருடைய படம், மூலையில் நான் நேற்றுப் போட்ட புது முத்திரை. "பதினெட்டு வயசுக்கு மேலதானாம்! சின்னப் பசங்கல்லாம் விழுந்து விழுந்து சிரிச்ச படம். இப்ப அவனுங்களுக்கு அனுமதியே கெடயாது!"

இதை அச்சடித்து ஃபிரேம் போட்டு டிரைவிங் ஸ்கூலில் மாட்டப்போகிறாராம்.

விரலிடுக்கு சார் அவருக்குக் கைகொடுத்தார். "ரொம்பப் பயமா எடுத்திருக்கீங்க" என்றார். முழுசாகப் பார்த்தவர் சொல்கிறார்!

மே 5, திங்கள்

சித்தப்பாவுக்கும் சித்திக்கும் சண்டை. புதுப் படத்திலும் முகத்தை மங்கலாக்கிவிடலாம் என்கிறார் அவர். சித்தி போனில் என்னிடம் குமுறித் தீர்த்துவிட்டார்.

"இருபது வருஷமா என் மூஞ்சியப் பாத்துச் சிரிச்சாங்க. இப்ப மறைச்சதுக்கப்புறம் பயப்படறாங்களாம். இது எந்த ஊரு ஞாயம்டி? அது என் மூஞ்சியே இல்ல, வெந்நீர்ப் பை. என் மூஞ்சிய எவன் பாத்தான்?"

இத்தனை நாள் சித்தப்பாவின் மானத்தையே நினைத்துக்கொண்டிருந்தேனே, அந்த ரப்பருக்குள்ளே வியர்த்துக்கொண்டு நின்றவர் யார்?

"சித்தப்பாகிட்ட இத அப்படியே சொல்லுங்க சித்தி" என்றேன்.

"சொல்லல. பாத்தேன்."

"அப்புறம்?"

"சரின்னுட்டாரு."

ஆகஸ்ட் 20, புதன்

படப்பிடிப்பு முடிந்துவிட்டதாம். ஒரு காட்சிகூடக் காட்ட மாட்டேன் என்கிறார் சித்தப்பா. என் கணவர்தான் அங்கே மின்சார வேலை பார்த்தார். விளக்கை மினுக்கச் சொன்னதற்கு முடியாது என்று சொல்லிவிட்டாராம். "வயரிங் ஒழுங்கா இருக்கற வீட்டுலயும் பேய் வரலாம்" என்று சித்தப்பாவிடம் வாதாடி ஜெயித்திருக்கிறார்.

நவம்பர் 19, புதன்

படம் எங்கள் பிரிவுக்கு வந்தது. வக்கீலம்மாவின் உத்தரவுப்படி என்னை அறையைவிட்டு வெளியே அனுப்பிவிட்டார்கள். விரலிடுக்கு சாரும் அக்காவும் உள்ளே. நான் வெளியே நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

பாதியிலேயே சார் வெளியே வந்தார். இரண்டு கையும் முகத்தின்மேல். விரல்கள் ஒட்டியிருந்தன, இடுக்கே இல்லை.

அக்கா கடைசிவரை பார்த்துவிட்டு வந்தார். "வெட்ட ஒண்ணுமே இல்லடி. ரத்தம் இல்ல, வசவு இல்ல, சிதைஞ்ச முகம் இல்ல. ஒரு பொம்பள சும்மா பாக்குது, அவ்ளோதான். அதுக்கு எந்த விதியப் போட?" என்றார். பேசும்போதே தன் குடையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தார்.

நவம்பர் 23, ஞாயிறு

சித்தப்பா வீட்டில் மொத்தக் குடும்பமும். மத்தியானச் சாப்பாடு முடிந்து எல்லோரும் டிவி முன்னால். வெளியே வெயில் கொளுத்துகிறது, ஜன்னல் எல்லாம் திறந்துதான் இருந்தது. பெரியப்பா முன்வரிசை நாற்காலியில் சௌகரியமாகச் சாய்ந்து, சிரிப்பதற்கு ஏதுவாக வாயைத் துடைத்துக்கொண்டார். சித்தப்பா சுவரோரம் நின்றார். உட்காரச் சொன்னால் கேட்கவில்லை. சித்தி நடுவில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தார்.

கதை ஒன்றும் பெரிதில்லை. ஒரு வீடு. அதில் ஒரு குடும்பம். எல்லா விளக்கும் ஒழுங்காக எரிகிறது. சாப்பாட்டு நேரத்தில் யாராவது யாரையாவது கேலி செய்து சிரித்தால், கதவருகே ஒரு பெண் வந்து நிற்கிறாள். பூச்சு இல்லை, முகமூடி இல்லை, மங்கல் இல்லை. சித்தியின் முகம். ஒன்றும் சொல்ல மாட்டாள். பார்ப்பாள்.

முதல் தடவை அவள் பார்த்தபோது அறையில் யாரும் அசையவில்லை. பழக்கத்தில் நான் பெரியப்பாவைப் பார்த்தேன். சித்தப்பாவும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், இருபது வருடமாகக் கேட்ட அந்தச் சிரிப்புக்காகக் காத்துக்கொண்டு. பெரியப்பாவின் வாய் திறந்தபடியே இருந்தது. சத்தம் வரவில்லை.

மூன்றாவது தடவை அவள் நேராகத் திரும்பினாள். எதிர்பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எத்தனை ஆயிரம் பேய் பார்த்தவள் நான்! ஆனாலும் என் கை தானாக முகத்துக்குப் போய்விட்டது. மீதிப் படத்தை நான் விரலிடுக்கு வழியாகத்தான் பார்த்தேன்.

படம் முடிந்தது.

"யாராவது லைட்டப் போடுங்கப்பா" என்றார் பெரியப்பா. அவ்வளவு வெயிலில். என் கணவர் எழுந்து போய்ப் போட்டார்.

சித்தி மடித்த துணியை ஓரமாக வைத்துவிட்டுத் தண்ணீர் எடுத்துவர எழுந்தார். வழியில் நீட்டியிருந்த கால்கள் எல்லாம் ஒவ்வொன்றாக மடங்கின. திரும்பி வந்து பெரியப்பாவுக்கு ஒரு டம்ளரை நீட்டினார். அவர் எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.